ஐம்பது எக்ஸும் ஒரு பிடி மணலும்!

கேமரா வாங்கப் போறீங்களா பாஸ்? ட்ரெக்கிங், பைக்ல ஊர் சுத்தல்னு பிளான் போட்டாச்சு. 'மொபைல் பத்தாது மச்சி, நல்ல ஜூம் கேமரா ஒண்ணு வேணும்'னு முடிவும் பண்ணியாச்சு. ரைட்டு. பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்க. நாலு பேர் சேர்ந்து போட்ட 26,000 ரூபாயை தனுஷ்கோடி மணல்ல தொலைச்ச கதை ஒண்ணு இருக்கு. தொலைச்சது வேற யாரும் இல்லை, அடியேன்தான்.

எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் பேர் கிடையாது. ஊர்தான் பேர். தேனி, பட்டுக்கோட்டை, அரக்கோணம்... இந்த மூணு பேர்தான் என் ரூம்மேட்ஸ். எனக்கு மட்டும் 'ஃபோட்டோ'ன்னு பேர். மெஸ்ல இட்லி வந்தாக்கூட மொபைலை எடுத்து நாலு ஆங்கிள்ல க்ளிக் பண்ற ஆசாமி நான். (அந்தப் பேர் அப்புறம் மாறிப் போச்சு. அதுக்கு வர்றேன்.)

போன வருஷம் பொங்கல் லீவுக்கு அரக்கோணம் வீட்டுக்குப் போனப்போ, அப்படியே வேடந்தாங்கலுக்கும் ஒரு நடை போயிட்டு வந்தோம். ஏரிக்கரையில நின்னா, தண்ணிக்கு நடுவுல இருக்கிற மரம் முழுக்க நாரையும் கூழைக்கடாவும். பார்க்க அப்படி ஒரு அழகு! ஆனா என் மொபைல்ல எடுத்ததைப் பார்த்துட்டு பட்டுக்கோட்டை கேட்டான்: "என்னடா இது, மரத்துல யாரோ பஞ்சு ஒட்டி வெச்சிருக்காங்க?"

ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. மதுரைக்குத் திரும்பின ராத்திரியே கூட்டம் போட்டோம். ஆளுக்கு 6,500. நாலு பேருக்கும் பொதுவா ஒரு கேமரா. அரக்கோணத்துக்கும் பட்டுக்கோட்டைக்கும் வீட்ல கொடுத்துட்டாங்க. எனக்கு சித்தப்பா. தேனிக்கு அப்படிக் கேட்கறதுக்கு ஆள் இல்லை. அவன் லீவு நாள்ல கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போறவன். ஒரு கல்யாணத்துக்கு 600 ரூபாய். 6,500 ரூபாய்னா எத்தனை பந்தின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. நான் அன்னிக்குப் போடலை.

கடையில ரெண்டு மணி நேரம் நின்னோம். பேசினது பூராவும் நான்தான். நான் பார்த்தது ஒரே ஒரு நம்பரை. 20 எக்ஸ், 30 எக்ஸ், 40 எக்ஸ்... ஷோகேஸ்ல கடைசி பீஸா ஒண்ணு இருந்துச்சு, 50 எக்ஸ்! கடைக்காரர் வாசலுக்குக் கூட்டிட்டுப் போய், எதிர் மாடியில காயற சட்டையோட பட்டனைக் காட்டினார். நான் க்ளீன் போல்டு. "இது மழை, தூசியெல்லாம் தாங்குமாண்ணே?"ன்னு தேனி மெதுவா கேட்டான். "கவர்ல போட்டு வெச்சுக்கங்க தம்பி"ன்னார் அவர். நான் அதுக்குள்ள பில் போடச் சொல்லிட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த 'எக்ஸ்'ஸை என்னன்னு பார்த்துடுவோம். ஏன்னா எனக்கு அன்னிக்கு இது தெரியாது. 'எக்ஸ்'ங்கிறது எவ்வளவு தூரம் பார்க்கலாம்கிற அளவு இல்லை. லென்ஸோட நீளமான ஃபோக்கல் லெங்த்தைக் குட்டையானதால வகுத்தா வர்ற எண், அவ்வளவுதான். 24 மி.மீ.ல ஆரம்பிச்சு 1200-ல முடிஞ்சா 50 எக்ஸ். 28-ல ஆரம்பிச்சு 560-ல முடிஞ்சா 20 எக்ஸ். அதனால பெட்டியில பார்க்க வேண்டியது எக்ஸை இல்லை, அந்தக் கடைசி மி.மீ. எண்ணை. அதோட அது ஆப்டிகல் ஜூம்தானான்னும் பார்க்கணும். டிஜிட்டல் ஜூம்னு இன்னொண்ணு போட்டிருப்பாங்க. எடுத்த படத்துல நடுவுல வெட்டி இழுத்துப் பெருசாக்கற வேலை அது. 2020-ல வந்த சாம்சங் எஸ்20 அல்ட்ரா மொபைல் முதுகுலேயே '100 எக்ஸ்'னு பொறிச்சிருந்தாங்க. அதுல பெரும்பகுதி இந்த இழுத்துப் பெருசாக்கற கணக்குதான்.

இந்த மி.மீ. கணக்கை வெச்சு வீட்ல உட்கார்ந்தே ஒரு பரீட்சை பண்ணிப் பார்க்கலாம். பூநாரை ஏறக்குறைய ஒண்ணேகால் மீட்டர் உயரம் இருக்கும். அது உங்ககிட்டேர்ந்து 300 மீட்டர்ல நிக்குதுன்னு வெச்சுக்கங்க. 120 மி.மீ. லென்ஸ்ல பார்த்தா ஃபிரேமோட உயரத்துக்குள்ள 60 மீட்டர் அடங்கும். அதாவது பறவை ஓர் எறும்பு. (2023-ல வந்த ஐபோன் 15 ப்ரோ மேக்ஸோட 5 எக்ஸ் இந்த 120 மி.மீ.தான்.) 600 மி.மீ.ல அதே ஃபிரேமுக்குள்ள 12 மீட்டர். பறவை பத்துல ஒரு பங்கு. 1200-ல 6 மீட்டர், அஞ்சுல ஒரு பங்கு. ஆக, 1200 மி.மீ. கேமராவுக்கு ஆசைப்பட்டது தப்பே இல்லை. அதை எங்கே தூக்கிட்டுப் போறோம்னு யோசிக்காததுதான் தப்பு.

பிப்ரவரியில ராமேஸ்வரம் பஸ் ஏறினோம். தனுஷ்கோடி பக்கம் பூநாரை வர்ற சீசன். (2025 ஜூன்ல அந்தப் பகுதியை பூநாரை சரணாலயமாவே அரசு அறிவிச்சிருக்கு.) முன்னாடியெல்லாம் மணல்ல வேன்லதான் போகணுமாம். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டுட்டாங்க, டவுன் பஸ்லயே போயிடலாம். ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒத்தை ரோடு. 1964 புயல்ல அழிஞ்ச சர்ச்சோட சுவர் இன்னும் நிக்குது. அதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் நாங்க யாருமே பேசலை.

தூரத்துல தண்ணியில ஒரு கூட்டம். வெள்ளையும் ரோஸும். சுமார் 300 மீட்டர் இருக்கும். நான் மணல்ல மண்டி போட்டு உட்கார்ந்து ஜூமை முழுசா இழுத்தேன். ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலை. மதிய வெயில், சுத்தியும் வெள்ளை மணல். கையால மறைச்சுப் பார்த்தா பறவையெல்லாம் தண்ணிக்குள்ள கரையற மாதிரி நெளியுது. என்னடா இது, ஃபோக்கஸ் போச்சான்னு நினைச்சேன். போகலை. கானல்! சூடான மணலுக்கு மேல காத்து அலையடிக்கும். 1200 மி.மீ. லென்ஸ் பறவையை மட்டுமா பெருசாக்கும்? நடுவுல இருக்கிற 300 மீட்டர் கானலையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். இதை எந்த விலை கேமராவாலயும் சரி பண்ண முடியாது. விடிகாலையில போகணும், இல்லேன்னா பக்கத்துல இருக்கிறதை எடுக்கணும். 50 எக்ஸ்ல பாதி அந்த மதியத்துல சும்மா.

சரி, கிட்டத்துல இருக்கிற கடற்காக்காவை எடுப்போம்னு ஜூமைக் குறைச்சேன், கூட்டினேன், மறுபடி குறைச்சேன். காத்து விடாம அடிச்சிட்டு இருந்துச்சு. கன்னத்துல மணல் ஊசி மாதிரி குத்துது. கேமராவும் அந்தக் காத்துலதான் இருக்குன்னு எனக்கு உறைக்கவே இல்லை. திடீர்னு 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். காபிக்கொட்டை அரைக்கிற சத்தம். லென்ஸ் பாதி வெளியே, பாதி உள்ளே. ஸ்கிரீன்ல 'லென்ஸ் எரர், ஆஃப் செய்து ஆன் செய்யவும்'னு இங்கிலீஷ்ல வந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கர்ர்ர். மறுபடி பண்ணினேன். அப்புறம்தான் செஞ்சேன் பாருங்க அந்த மகா புத்திசாலித்தனம்... கையால லென்ஸைப் பிடிச்சு உள்ளே தள்ளினேன். 'டிக்'னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் கர்ர்ர் சத்தமும் வரலை.

வாங்கி 19 நாள் ஆகியிருந்துச்சு.

சர்வீஸ் சென்டர்ல ஒரு பார்வை பார்த்துட்டு, "மணல் போயிருக்கு சார், இது வாரன்ட்டில வராது"ன்னாங்க. கார்டைத் திருப்பிப் பார்த்தா, ஆமா, பொடி எழுத்துல போட்டிருக்கு. மணல், தண்ணி, கீழே விழறது எதுவும் வராது. லென்ஸ் யூனிட்டையே மாத்தணுமாம். எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு கேமராவைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

யாரோ சொல்லி, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருந்த பெரியவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஃபிலிம் காலத்துலேர்ந்து கேமரா ரிப்பேர் பார்க்கறவர். "சரி ஆகாது தம்பி. ஆனா திறந்து காட்டுறேன், பார்த்துக்க"ன்னார். அந்த அரை மணி நேரத்துல கத்துக்கிட்டதை அந்த 26,000 ரூபாய்க்கு ஃபீஸா வெச்சுக்கலாம்.

உள்ளே என்ன இருந்துச்சு தெரியுமா? ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகின குழாய்கள். மடக்குக் குடைக் கம்பி மாதிரி. ஒவ்வொரு குழாய்லயும் சுத்திச் சுத்திப் போற ஒரு வெட்டு, அதுல ஓடுற சின்ன முளை. இதையெல்லாம் தள்ளுறது மிளகு சைஸ் பிளாஸ்டிக் பல் சக்கரங்கள். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல முடி நுழையற இடைவெளி. "ஒரு மணல் போதும் தம்பி, இந்தப் பல்லு மாட்டிக்கும். நீ கையால தள்ளினியா? அப்பவே பல்லு உடைஞ்சிருச்சு"ன்னார். நான் தள்ளினேன்னு அவர்கிட்ட சொல்லவே இல்லை!

இன்னொண்ணும் சொன்னார். லென்ஸ் வெளியே நீளும்போது உள்ளே இடம் கூடும். அந்த இடத்துக்கு வெளியேர்ந்து காத்து வரணும். சைக்கிள் பம்ப் பிடியை மேல இழுத்தா காத்தை உறிஞ்சுதுல்ல, அந்தக் கதைதான். ஒவ்வொரு தடவை ஜூம் பண்ணும்போதும் நான் தனுஷ்கோடி காத்தை உள்ளே இழுத்துக்கிட்டே இருந்திருக்கேன்.

ஹாஸ்டலுக்கு வந்து மேஜை மேல கேமராவை வெச்சேன். பட்டுக்கோட்டை கத்தினான். அரக்கோணம் ரெண்டு நாள் பேசலை. அதெல்லாம் தாங்கிக்கலாம். தேனி மட்டும் ஒண்ணுமே சொல்லலை. "உள்ளே எவ்ளோ மணல் இருந்துச்சாம்?"னு கேட்டான். ஒரு சிட்டிகைகூட இருக்காதுன்னேன். தலையை ஆட்டிட்டு, சாயங்காலம் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அன்னிக்கு ஏதோ ரிசப்ஷன். அன்னிக்குத்தான் அந்தக் கணக்கைப் போட்டேன். 11 கல்யாணம்.

அடுத்த வாரம் டியூஷன் எடுக்க ஆரம்பிச்சேன். ரெண்டு வீடு, எட்டாம் வகுப்பு கணக்கு. எட்டு மாசம். மூணு பேரோட பங்கு 19,500 ரூபாய் சேர்ந்ததும் மேஜையில வெச்சேன். மூணு பேரும் தொடலை. தேனிதான் சொன்னான்: "அடுத்த கேமராவுக்குப் போடு. ஆனா இந்தத் தடவை செலக்‌ஷன் நான்."

அந்த எட்டு மாசமும் அவன் சும்மா இல்லைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சுது. லைப்ரரி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து படிச்சுப் படிச்சு ஒரு நோட்டு ஃபுல்லா எழுதி வெச்சிருந்தான். அவன்கிட்ட நான் கேட்டு வாங்கினதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

அவனோட முதல் கேள்வி, "எங்கே போகப் போறோம்?" கடற்கரைன்னா எதிரி மணலும் உப்பும். மலைன்னா மழையும் பனியும் பூஞ்சையும். ரெண்டுக்கும் போறோம்னா, பாடி முழுக்க சீல் போட்ட கேமரா வேணும். இங்கே விளம்பர வார்த்தைகள்ல ஏமாந்துடாதீங்க. 'ஸ்பிளாஷ் ப்ரூஃப்'னா தூறல் தாங்கும், அவ்வளவுதான். ஆத்துல விழுந்தா கங்கா ஸ்நானம்தான். ஐ.பி.ன்னு ஒரு நம்பர் போட்டிருந்தா அதுல ரெண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, அதிகபட்சம் 6. ரெண்டாவது தண்ணிக்கு. ஐ.பி.68-ன்னா ரெண்டுலயும் கெட்டி. ஐ.பி.எக்ஸ்7-ன்னு பார்த்தீங்கன்னா தண்ணியில ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் தாங்கும். ஆனா தூசி இடத்துல 'எக்ஸ்'தான் இருக்கு. அதாவது தூசியைப் பத்தி அந்த நம்பர் எதுவுமே சொல்லலை. தனுஷ்கோடிக்கு வேண்டியதே அந்த இலக்கம்தானே?

"அப்போ ஒரேயடியா கெட்டியான கேமராவா வாங்கிடலாமே?"ன்னு கேட்டேன். இருக்கு. ஒலிம்பஸ் கம்பெனி போட்டுட்டு இருந்த டி.ஜி. வரிசையை இப்ப ஓ.எம். சிஸ்டம்ங்கிற பேர்ல போடறாங்க. 2023-ல டி.ஜி.7 வந்துச்சு. 15 மீட்டர் தண்ணிக்குள்ள போகும், 2.1 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தா தாங்கும், மைனஸ் 10 டிகிரியிலயும் ஓடும். மணல்ல விழுந்தா குழாய்த் தண்ணியில கழுவிக்கலாம்! ஆனா ஜூம் 25-லேர்ந்து 100 மி.மீ. வரைக்கும்தான். 4 எக்ஸ். ஏன் இவ்ளோ கம்மின்னா, அதுல லென்ஸ் வெளியே நீளாது. எல்லாம் பாடிக்குள்ளயே நகரும். நீளாததால இடைவெளி இல்லை, இடைவெளி இல்லாததால மணல் போகாது. ஜூம் வேணும்னா குழாய் நீளணும், நீண்டா சந்து விழும். அருவி, கடல் குளியல், குகைன்னு சுத்தற கோஷ்டியா நீங்க? கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க. பறவை, விலங்குன்னா இது உதவாது.

அந்தப் பக்கம் போனா நிக்கான் பி1000. 2018-ல வந்தது, 125 எக்ஸ், 3000 மி.மீ. நிலாவுல பள்ளத்தை எண்ணலாம். எடை 1.4 கிலோ. சீல் கிடையாது. நீளமான முனையில லென்ஸ் எஃப் 8 தான் திறக்கும். அது வீட்டு மொட்டை மாடியில ஸ்டாண்டு போட்டு வெச்சு ரசிக்க வேண்டிய அழகு. பஸ்ல, மழையில, மணல்ல தூக்கிட்டுப் போறதுக்கு இல்லை. இது தேனியோட தீர்ப்பு. எனக்கு அதுல இன்னும் ஒரு கண்ணு இருக்குங்கிறதை இங்கே ரகசியமா சொல்லிடறேன்.

நடுவுல ஒரு சின்ன ஜாதி இருக்கு. ஜூமும் இருக்கும், சீலும் இருக்கும். சோனி ஆர்.எக்ஸ்.10 மார்க் 4, 2017-ல வந்தது. 24-லேர்ந்து 600 மி.மீ., 1 இன்ச் சென்சார், தூசி, ஈரம் தாங்கற பாடி. (1 இன்ச்னு பேர்தானே தவிர, நிஜ அளவு 13.2க்கு 8.8 மி.மீ.தான். சின்ன ஜூம் கேமராக்கள்ல இருக்கிற சென்சாரை விட இது பரப்புல நாலு மடங்கு பெருசு.) விலையைப் பார்த்துட்டு நோட்டுல அதுக்குப் பக்கத்துல தேனி எழுதியிருந்தது: '200 கல்யாணம்'.

அவன் டிக் அடிச்சிருந்தது பானசோனிக் எஃப்.இசட்.300. 2015-ல வந்த மாடல். 24 எக்ஸ், 25-லேர்ந்து 600 மி.மீ. 12 மெகாபிக்ஸல். எனக்குப் பொசுக்குன்னு போச்சு. "50-லேர்ந்து 24-க்கா? அதுவும் பழைய மாடல்?" தேனி அசரலை. இதுலயும் குழாய் வெளியே வரும், ஆனா தூசியும் தூறலும் போகாம சீல் வெச்சிருக்காங்க. அதைவிட முக்கியமா இன்னொண்ணைக் காட்டினான். இந்த லென்ஸ் 600 மி.மீ. வரைக்கும் எஃப் 2.8-லயே திறந்து நிக்கும். நம்ம செத்துப்போன கேமரா நீளமான முனையில எஃப் 6.5. ரெண்டுக்கும் உள்ளே வர்ற வெளிச்சத்துல அஞ்சு மடங்கு வித்தியாசம். மரத்து நிழல்ல பழைய கேமரா நூத்துல ஒரு செகண்ட் கேட்கிற இடத்துல, இது ஐந்நூத்துல ஒரு செகண்ட்ல முடிச்சிடும். கை நடுக்கத்துக்கு ஸ்டெபிலைசேஷன் இருக்கும், குரங்கு தாவறதுக்கு இருக்காதே! காட்டுக்குள்ள போறவங்க எக்ஸைப் பார்க்கிற நேரத்துல இந்த எஃப் நம்பரைப் பாருங்க. அதுவும் நீளமான முனையில என்னங்கிறதை. முன்பக்க எண்ணை மட்டும் பெருசா போட்டு நம்மளைக் கவுத்துடுவாங்க.

600 பத்தலைன்னா? படத்தை நடுவுல பாதிக்குப் பாதி வெட்டினா 1200 மி.மீ.ல எடுத்த மாதிரி. 12 மெகாபிக்ஸல் 3 ஆயிடும். ஆனா 4க்கு 6 இன்ச் பிரின்ட் போட 2 மெகாபிக்ஸல் இருந்தாலே தாராளம். அந்த நியாயத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. கண்ணை வெச்சுப் பார்க்கிற வியூஃபைண்டரும் இருக்கு. தனுஷ்கோடியில அது இல்லாம நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

டி.எஸ்.எல்.ஆர். வாங்கக் கூடாதான்னு கேட்பீங்க. தாராளமா வாங்கலாம். ஆனா மழைக்குப் பாடி மட்டும் சீல் போட்டிருந்தா போதாது, மாட்டற லென்ஸும் சீல் போட்டதா இருக்கணும். மணல் காத்துல லென்ஸைக் கழட்டி மாத்தினா சென்சார்ல நேரா தூசி போய் உட்காரும். ரெண்டு லென்ஸ், பை, எடை... நாலு பேருக்கு ஒரு கேமராங்கிற எங்க கட்சிக்கு அது ஒத்து வரலை.

செகண்ட் ஹேண்ட்ல 18,000 ரூபாய்க்கு ஒண்ணு மாட்டுச்சு. தேனி அதை வாங்கின விதம் இருக்கே, பொண்ணு பார்க்கப் போற பெருசுங்க தோத்துடணும்! முதல்ல ஜூமை முழுசா நீட்டி, முழுசா மடக்கி, இருபது தடவை. காதுகிட்ட வெச்சுக் கேட்டான். கரகரன்னா வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் மொபைல் டார்ச்சை லென்ஸுக்குள்ள சாய்ச்சு அடிச்சுப் பார்த்தான். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிஞ்சா அது பூஞ்சை. அப்புறம் வெள்ளைச் சுவரை அப்பர்ச்சரைச் சின்னதாக்கி ஒரு படம். கறுப்புப் புள்ளி விழுந்தா உள்ளே தூசி. பேட்டரி மூடி, சார்ஜர் மூடி ரெண்டையும் திறந்து அந்த ரப்பர் ஓரம் விண்டு போயிருக்கான்னு விரலால தடவிப் பார்த்தான். சீல்ங்கிறது கடைசியில அந்த ரப்பர்தானே. விக்க வந்தவர் கடுப்பாகி, "தம்பி, கேமரா வாங்கறீங்களா, ஆபரேஷன் பண்றீங்களா?"ன்னு கேட்டார்.

மிச்சம் 1,500 ரூபாய். அக்டோபர் கடைசியில வால்பாறை கிளம்பினோம். ஆழியாறைத் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறை மேல வரையாடு. எனக்குக் கை துறுதுறுங்குது. கேமரா தேனி கழுத்துல. கேட்க வாய் வரலை.

புதுத்தோட்டம் பக்கம் போனப்போ மழை பிடிச்சுக்கிச்சு. அங்கே சோலைமந்திங்க ரோட்டைக் கடக்கறப்போ வண்டியில அடிபடக் கூடாதுன்னு, மரத்துக்கு மரம் மேலயே பாலம் கட்டி விட்டிருக்காங்க. சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி பிடரியும் குஞ்சம் வெச்ச வாலுமா ஒரு பெரிய ஆண் குரங்கு மரத்துல உட்கார்ந்து நனைஞ்சிட்டு இருந்துச்சு. நாங்க மூணு பேரும் குடைக்குள்ள. தேனி மட்டும் மழையில நின்னு கண்ணை வியூஃபைண்டர்ல வெச்சிருந்தான். இருட்டிக்கிட்டு வர்ற வெளிச்சம். டக் டக்னு ரெண்டு க்ளிக். அந்தக் குரங்கு குட்டிங்க பக்கம் திரும்பற நேரம், பிடரியில இருந்து தண்ணி சிதறுது. ஒவ்வொரு துளியும் தனித்தனியா தெரியுது பாஸ்! எங்க ரூம் சுவர்ல இப்ப அந்தப் படம்தான் இருக்கு. ஊருக்கு அனுப்ப ஒரு காப்பி போட்டுட்டுப் போனான். அவங்க அம்மா அதை சாமி படம் பக்கத்துல மாட்டியிருக்காங்களாம்.

சீல் போட்டதுன்னு சும்மா விட்டுடலை. ராத்திரி லாட்ஜுக்கு வந்ததும் தேனி பருத்தித் துணியால ஒத்தி எடுத்தான். தேய்ச்சா ஈரம் சந்துக்குள்ள போயிடும். ஈரம் காயாம மூடிகளைத் திறக்கவே விடலை. அப்புறம் ரப்பர் ஓரம் வெச்ச ஒரு டிபன் பாக்ஸ், உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட். அதுதான் கேமராவோட வீடு. அரிசியில புதைக்கற வைத்தியம் வேண்டாம், அரிசி மாவே தூசிதான். ஏ.சி. ரூம்லேர்ந்து வெளியே வர்றதுக்கு முன்னாடி கேமராவை ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க. இல்லேன்னா வெளிக்காத்து பட்டதும் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கொட்டும். கடற்கரையிலேர்ந்து வந்தா, உப்பு காயறதுக்குள்ள ஈரத்துணியால ஒரு துடை, காய்ஞ்ச துணியால ஒரு துடை. லென்ஸ்ல தூசி இருந்தா வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். ரப்பர் ப்ளோயர் சல்லிசா கிடைக்குது.

பழைய 50 எக்ஸ் எங்க ஜன்னல் மேல இருக்கு. லென்ஸ் பாதி நீட்டின மேனிக்கு. காத்துல பேப்பர் பறக்காம இருக்க அதைத்தான் வைக்கிறோம். என் பேரும் மாறிடுச்சுன்னு சொன்னேன்ல? இப்ப ஹாஸ்டல்ல என்னை 'மணல்'னுதான் கூப்பிடறாங்க. ஜூனியர்ஸுக்கு ஏன்னு தெரியாது, 'மணலண்ணே'ங்கிறாங்க.

வர்ற பிப்ரவரியில மறுபடியும் தனுஷ்கோடி. இந்தத் தடவை விடியறதுக்கு முன்னாடியே அங்கே இருக்கணும்னு தேனி ஆர்டர் போட்டிருக்கான். கேமரா அவன் கழுத்துல. டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு நான் பின்னாடி.